குட்டி ரெயிலுக்குக் கொட்டகை கட்டியவர்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியா மாநிலத்தில், மாண்டரே என்று ஒரு கடலோரப் பட்டணம். மீனுக்கும் மூடுபனிக்கும் பெயர் போன ஊர். அந்த ஊரில் 1953-ம் ஆண்டு ஒருவர் வீடு வாங்கினார்.

வீடு வாங்குகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? கூடம் எப்படி, சமையலறை எப்படி, காற்று வருமா, வெளிச்சம் உண்டா என்று பார்ப்பார்கள். இவர் பார்த்தது நிலவறையை! மேலே உள்ள அறைகள் எப்படி இருந்தால் என்ன? கீழே இருக்கும் நிலவறை பெரியதாக இருந்தால் போதும். அதற்காகவே அந்த வீட்டை வாங்கினார்.

அவர் பெயர் ஜான் ஆலன். அந்த நிலவறையில் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கி வைக்க அவர் நினைக்கவில்லை. ஒரு ரெயில் பாதை போட நினைத்தார். மலை, பள்ளத்தாக்கு, பாலம், சுரங்கம், ஸ்டேஷன், தண்ணீர்த் தொட்டி, சரக்குக் கிடங்கு, என்ஜின் கொட்டகை எல்லாம் கொண்ட முழு ரெயில் பாதை! ஆனால் அங்கே ஓடும் சிறிய என்ஜின் உள்ளங்கையில் அடங்கிவிடும். கொடி காட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் நம்முடைய கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

"பொம்மை ரெயிலா? இதற்கு இவ்வளவு பாடா?" என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்த ஊரிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஜான் ஆலன் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்னும் உலகின் பல நாடுகளில் குட்டி ரெயில் கட்டுகிறவர்கள் ஒரு மரக் கொட்டகைக்கு வர்ணம் பூச உட்கார்ந்தால், அவரை நினைத்துக்கொண்டுதான் தூரிகையை எடுக்கிறார்கள். அதற்குக் காரணம் என்ன? அதைச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

பலவீனமான இதயம்

ஜான் ஆலன் 1913-ம் ஆண்டு ஜூலை 2-ந் தேதி பிறந்தார். மிசௌரி மாநிலத்தில் உள்ள ஜாப்ளின் அவருடைய சொந்த ஊர். ஈயமும் துத்தநாகமும் தோண்டி எடுத்து வளர்ந்த ஊர் அது. சுரங்கக் கொட்டகைகளும், கனிமம் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளும் அந்தப் பக்கத்தில் சர்வ சாதாரணம்.

சிறு வயதில் அவருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்தது. தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டுகளைப் பிடித்து, கடைசியில் இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும் நோய் இது. பெனிசிலின் மருந்து மக்களுக்குக் கிடைக்கத் தொடங்கியது 1940-களில்தான். அதற்கு முன்பு இந்தக் காய்ச்சல் வந்த குழந்தைகள் பிழைத்தாலும், பழுதுபட்ட இதயத்தோடு காலம் முழுவதும் வாழ வேண்டும். ஜான் ஆலனும் அப்படித்தான் வாழ்ந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படித்தார். புகைப்படக்கலை அவர் மனதைக் கவர்ந்தது. அதையே முறையாகக் கற்றுக்கொண்டு, ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து அந்த நகரில் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். மனிதர்களின் முகத்தைப் படம் பிடிப்பது தொழில். நெற்றியில் விழும் நிழல், கன்னத்தின் சுருக்கம், கண்ணோரக் கோடு இவற்றையெல்லாம் நாள்தோறும் உற்றுப் பார்க்க வேண்டிய வேலை. இந்தப் பழக்கம் பிற்காலத்தில் எதற்கு உதவியது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1946-ம் ஆண்டு ஸ்டூடியோவில் தம் பங்கை விற்றுவிட்டு மாண்டரேக்குக் குடி வந்தார். அப்போது அவருக்கு வயது 33. கையில் இருந்த பணத்தை நல்ல முறையில் முதலீடு செய்தார். அதிலிருந்து வந்த வருமானத்தில் சிக்கனமாக வாழ்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய கார் இல்லை, ஆடம்பர விருந்து இல்லை. மிச்சம் இருந்த ஆயுளைத் தம் விருப்பப்படி செலவிட வேண்டும் என்பதே அவருடைய முடிவு. அந்த ஆயுள் எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. பழுதுபட்ட இதயம் உள்ளவருக்கு அந்தக் கவலை மற்றவர்களைவிட அதிகம் அல்லவா?

87-ல் ஒரு பங்கு

மாண்டரேயில் அவர் போட்ட முதல் குட்டி ரெயில் பாதை மிகச் சிறியது. ஏழடி நீளம்கூட இல்லை. நாலடி அகலம்கூட இல்லை. ஒரு கட்டில் பிடிக்கும் இடத்தில் அடங்கிவிடும்.

அதற்கு அவர் வைத்த பெயரே வேடிக்கையானது. "கோரி அண்ட் டிஃபீட்டட்" என்று உச்சரிக்க வேண்டும். காதால் கேட்டால், "ரத்தம் சொட்டத் தோற்றுப்போனது" என்று பொருள்படும். எழுத்தில் பார்த்தால் ஏதோ இரண்டு ஊர்களின் பெயர்போல இருக்கும்! பெரிய ரெயில்வே கம்பெனிகள் இரண்டு ஊர்களின் பெயரைச் சேர்த்து வைத்துக்கொள்வது அமெரிக்க வழக்கம். அதைக் கேலி செய்யும் பெயர் இது. பாதையில் வந்த மலைத்தொடருக்கும் இப்படித்தான். "அகின்பாக்" என்று பெயர். வாய்விட்டுச் சொன்னால் "முதுகு வலிக்கிறது" என்று கேட்கும். குனிந்து குனிந்து மலை கட்டியவருக்கு வேறு என்ன பெயர் தோன்றும்?

குட்டி ரெயில் உலகில் பல அளவுகள் உண்டு. ஜான் ஆலன் எடுத்துக்கொண்டது "எச்.ஓ." என்ற அளவு. இதில் எல்லாப் பொருளும் நிஜத்தில் 87-ல் ஒரு பங்குதான் இருக்கும். கணக்கு சுலபம். நிஜத்தில் ஓர் அடி என்றால், இங்கே 3.5 மில்லி மீட்டர். ஆறடி மனிதன் இங்கே 21 மில்லி மீட்டர். 70 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள ஒரு கொட்டகையைக் கட்டினால், அது 24½ சென்டி மீட்டர் நீளமும் 14 சென்டி மீட்டர் அகலமும் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்துவிடலாம்.

கடையில் என்ஜின் கிடைக்கும், பெட்டிகள் கிடைக்கும், தண்டவாளம் கிடைக்கும். ஆனால் தண்டவாளத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய கட்டிடங்கள்? அந்தக் காலத்தில் அட்டையிலும் மரத்திலும் செய்த சில மாதிரிகள் பெட்டியில் அடைத்து விற்கப்பட்டன. அவற்றை வாங்கி ஒட்டினால் எல்லார் வீட்டுக் கட்டிடமும் ஒரே மாதிரி இருக்கும். தமக்கு வேண்டிய கட்டிடம் வேண்டுமென்றால் ஒரே வழிதான். வெறும் மரச் சீவல்களையும் அட்டையையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, அடி முதல் நுனி வரை தாமே கட்ட வேண்டும்.

ஜான் ஆலன் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார். அப்படி அவர் கட்டியவற்றில் அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது ஓர் என்ஜின் கொட்டகை.

இரண்டு என்ஜின் நிற்கும் கொட்டகை

நீராவி என்ஜின் ஓடிய காலத்தில் என்ஜின் கொட்டகை இல்லாமல் ரெயில்வே இல்லை. ஓடி வந்த என்ஜினைக் கொண்டுவந்து நிறுத்தி, சாம்பலைத் தள்ளி, எண்ணெய் போட்டு, பழுது பார்த்து, மறுபடி நெருப்பு மூட்டி அனுப்பும் இடம் அது. புகையும் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த இடம்.

1940-களின் கடைசியில் ஜான் ஆலன் கட்டியது, இரண்டு என்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடிய மரக் கொட்டகை. அந்த நாட்களில் குட்டி ரெயில்காரர்கள் பெரும்பாலோர் கட்டிய கட்டிடங்கள் எப்படி இருக்கும்? சுவர் நேராக இருக்கும். வர்ணம் பளபளக்கும். கண்ணாடி ஜன்னல் ஒன்றுகூட உடைந்திராது. புதுக் கடிகாரத்தைப்போல எல்லாம் சுத்தமாக இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் ஒன்றும் இராது. வெறும் பெட்டி!

ஜான் ஆலனின் கொட்டகை அப்படி இல்லை. அது பல வருடம் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, புகையில் கறுத்த கொட்டகை. பலகைகள் வெளுத்திருந்தன. உள்ளே வேலை நடக்கும் இடத்தின் அலங்கோலம் முழுவதும் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது மேஜை மேல் இருக்கும் பொருள் என்று தோன்றவில்லை. எங்கோ மலையடிவாரத்தில் ஏழை ரெயில்வே கம்பெனி ஒன்று நடத்தும் நிஜக் கொட்டகை என்றே தோன்றியது.

பழையதுபோல் காட்டும் வித்தையை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கில்லை. அவருக்கு முன்பும் சிலர் முயன்றிருக்கிறார்கள். ஆனால் அதை ஒரு கலையாக வளர்த்து, படத்தாலும் எழுத்தாலும் எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

கொட்டகை எழும்புவது எப்படி?

இப்படி ஒரு கொட்டகையைக் கட்டும் விதத்தை வாசகர்கள் தெரிந்துகொண்டால்தான், இதில் உள்ள பொறுமை புரியும்.

முதல் வேலை மரம் வெட்டுவது அல்ல, அளப்பது. கொட்டகைக்குள் நுழையப்போகும் என்ஜின்களில் எது மிக உயரமோ, எது மிக அகலமோ, அதைத் தண்டவாளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். வாசல் நிஜத்தில் 16 அடி உயரம் என்றால் இங்கே 56 மில்லி மீட்டர். கொட்டகைக்கு முன்னால் பாதை வளைந்தால் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வளைவில் என்ஜினின் மூக்கு வெளிப்பக்கம் நீளும். நேராக நிறுத்தி அளந்தவன், வளைந்து வரும் என்ஜின் கதவுத் தூணில் இடித்த பிறகு தலையில் கை வைத்துக்கொள்வான்! ஆகவே அட்டையில் ஒரு மாதிரி வெட்டி ஒட்டி, பாதையின் மேல் வைத்து, என்ஜினை உள்ளும் வெளியும் ஓட்டிப் பார்த்த பிறகே மரத்தில் கை வைப்பார்கள்.

அடுத்தது மரம். எல்லா மரமும் உதவாது. பால்சா மரம் மிருதுவானது, பிளேடாலேயே வெட்டலாம். ஆனால் அதன் நார்கள் தடித்தவை. 87 மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு நாரும் கயிறு கனம் இருக்கும்! பாஸ் என்ற மரம் நெருங்கிய இழை உடையது. அதைச் சீவிய குச்சிகள்தான் பலகைக்கு ஏற்றவை. நிஜத்தில் 10 அங்குல அகலமுள்ள பலகை, இங்கே மூன்று மில்லி மீட்டர்கூட இராது. அப்படிப்பட்ட பலகைகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, தூணிலும் குறுக்குச் சட்டத்திலும் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு சுவருக்கு எண்பது பலகையும் ஆகலாம், நூறும் ஆகலாம்.

ஒட்டுவதற்கு முன்பே மரத்துக்குச் சாயம் ஏற்றிவிட வேண்டும். ஏனென்றால், பசை பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. பிறகு ஏற்றினால் பசை கசிந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டாகக் காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு மையை ஸ்பிரிட்டில் மிகவும் நீர்க்கக் கரைத்து, அதில் குச்சிகளைத் தோய்த்து எடுத்துக் காயவைப்பார்கள். மழையில் வெளுத்த பலகையின் சாம்பல் நிறம் வந்துவிடும். எல்லாக் குச்சிக்கும் ஒரே நிறம் வரக் கூடாது. ஒன்று கொஞ்சம் கறுப்பு, ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்று புதிதாக மாற்றியதுபோல் மஞ்சள் என்று கலந்து இருக்க வேண்டும்.

ஆணி அடிக்க முடியாது. குண்டூசி முனையால் பலகையின் நுனியில் இரண்டு புள்ளி குத்தினால் அதுவே ஆணித் தலை. கூரைக்குத் தார்க் காகிதம் என்றால், மெல்லிய காகிதத்தை 10½ மில்லி மீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறும்படி ஒட்ட வேண்டும். அது நிஜத்தில் மூன்றடிச் சுருளின் அகலம். கீழிருந்து மேலே ஒட்டிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து கீழே வந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போகும். குட்டிக் கொட்டகைக்கு மழை ஏது என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்பவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை!

கூரையில் புகைபோக்கி எங்கே வர வேண்டும்? அழகுக்காக நடுவில் வைக்க முடியாது. உள்ளே என்ஜின் நிற்கும்போது அதன் புகைக்குழாய் எங்கே இருக்குமோ, அதற்கு நேர் மேலே வர வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு பள்ளம் வேண்டும். தொழிலாளி அதற்குள் இறங்கி என்ஜினின் அடிவயிற்றைப் பார்ப்பதற்காக. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரியாமல் கட்டினால், என்ன குறை என்று சொல்லத் தெரியாவிட்டாலும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

அழுக்குக்கும் ஒரு கணக்கு

அழுக்குப் பூசுவது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ட இடத்தில் பூசினால் அது அசிங்கமாகப் போய்விடும். அழுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பூச வேண்டும்.

புகை மேலே போகும். ஆகவே வாசலின் மேல் பலகையும் புகைபோக்கியைச் சுற்றிய கூரையும் கறுத்திருக்கும். மழைத் தண்ணீர் கூரை விளிம்பிலிருந்து விழுந்து தரையில் தெறிக்கும். ஆகவே சுவரின் அடிப்பலகைகள் உளுத்துச் சேறு படிந்திருக்கும். இரும்புக் கீலிலிருந்து துரு வழிந்து கதவில் செம்பழுப்புக் கோடு போட்டிருக்கும். என்ஜின் நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டித் தரை மினுமினுக்கும். கொதிகலன் தண்ணீர் கசிந்து காய்ந்த இடத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஆட்கள் நடக்கிற இடத்தில் புல் முளைக்காது. நடக்காத மூலையில் முளைத்திருக்கும்.

வாசகர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழுக்கு என்பது என்ன? அந்த இடத்தில் வேலை நடந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். யாரோ அங்கே நடந்திருக்கிறார்கள், எதையோ தூக்கியிருக்கிறார்கள், நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். பளபளக்கும் கொட்டகையில் யாரும் வேலை செய்ததில்லை. ஜான் ஆலன் தம் கட்டிடங்களுக்கு ஏற்றியது வெறும் சாயம் அல்ல. அவை வாழாத வருடங்களை அவற்றின்மேல் ஏற்றினார். இதயம் பழுதுபட்ட ஒரு மனிதர், தாம் கட்டியவற்றுக்கெல்லாம் முதுமையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்!

காமிராவின் கண்

போட்டோ ஸ்டூடியோவில் பழகிய கண் இங்கேதான் உதவியது. மனிதக் கண் ஏமாறும். காமிரா லேசில் ஏமாறாது. நேரில் பார்க்கும்போது அழகாகத் தோன்றும் பொம்மைக் கட்டிடம், படத்தில் பார்த்தால் பல்லை இளிக்கும். வர்ணத்தின் மினுமினுப்பும், தடித்த ஜன்னல் சட்டமும், கோணலான பசையும் தெரிந்துவிடும்.

குட்டி ரெயிலைப் படம் பிடிப்பதில் இன்னொரு தொல்லை உண்டு. காமிராவை அருகில் கொண்டுபோனால், முன்னால் இருக்கும் என்ஜின் தெளிவாக விழும். பின்னால் இருக்கும் கொட்டகை மங்கிவிடும். நிஜ ரெயிலில் இரண்டும் தெளிவாக விழும். இந்த வித்தியாசமே பொம்மை என்று காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு வழி, ஒளி நுழையும் துளையை ஊசித் துளை அளவுக்குச் சிறிதாக்குவது. அப்போது முன்னும் பின்னும் தெளிவாக விழும். ஆனால் வெளிச்சம் குறைவாக நுழைவதால், காமிராவை அசையாமல் வெகு நேரம் திறந்து வைக்க வேண்டும். இந்த முறையில் கைதேர்ந்தார் ஜான் ஆலன்.

அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன. 1934-ல் தொடங்கிய "மாடல் ரெயில்ரோடர்" என்ற மாதப் பத்திரிகை அவருடைய படங்களையும் கட்டுரைகளையும் வெளியிட்டது. குட்டி என்ஜின்கள் செய்து விற்ற வார்னி என்ற கம்பெனி, தன் விளம்பரங்களுக்கு அவருடைய படங்களைப் போட்டது. என்ஜின் வாங்க நினைத்து விளம்பரத்தைப் பார்த்தவர்கள், என்ஜினை மறந்து பின்னால் இருந்த மலையையும் பாலத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நம் வீட்டிலும் இப்படிக் கட்ட முடியுமா?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

தரையிலிருந்து கூரை வரை மலை

1954-ல் புது வீட்டின் நிலவறையில் பெரிய பாதையின் வேலை தொடங்கியது. ஏழடிக்குள் அடங்கிய பழைய பாதையை அவர் வீசிவிடவில்லை. அதை அப்படியே கொண்டுவந்து, புதுப் பாதையின் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

அதுவரை குட்டி ரெயில் என்றால் மேஜை மேல் ஓடுவது என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஜான் ஆலனின் மலைகள் தரையிலிருந்து எழும்பிக் கூரையைத் தொட்டன. பார்க்க வந்தவர்கள் மலைக்கு நடுவே நடந்தார்கள். அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு பாலத்தில் ரெயில் போகும். குனிந்து பார்த்தால் பள்ளத்தாக்கின் அடியில் ஆறு தெரியும்.

இடத்தைப் பெரிதாகக் காட்டவும் அவர் யுக்திகள் வைத்திருந்தார். சில இடங்களில் கண்ணாடிகளை மறைத்து வைத்தார். பாதியில் நிற்கும் தெரு, கண்ணாடியில் விழுந்து நீண்ட தெருவாகத் தெரியும். முன்னால் பெரிய மரமும் பெரிய கட்டிடமும், பின்னால் போகப் போகச் சிறிய மரமும் சிறிய கட்டிடமும் வைத்தார். ஒரு முழம் தூரம், ஒரு மைல் தூரமாகத் தோன்றும்.

விளையாட்டு, ஆனால் ஒழுங்கு உண்டு

இவ்வளவும் வெறும் காட்சிப் பொருளா? இல்லை. அந்த ரெயில்வே வேலை செய்தது. நண்பர்கள் குறித்த நாளில் வந்து கூடுவார்கள். ஒருவர் போக்குவரத்து அதிகாரி. மற்றவர்கள் என்ஜின் டிரைவர்கள். கால அட்டவணை உண்டு. எந்தப் பெட்டி எந்த ஊரில் எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்ற உத்தரவு உண்டு. கடிகாரம்கூட வேகமாக ஓடும். நிஜத்தில் ஒரு மணி நேரம், அங்கே பல மணி நேரம். நிஜ ரெயில்வேயில் நடக்கும் அத்தனை தவிப்பும் அங்கே நடக்கும்.

நடுநடுவே வேடிக்கைக்கும் குறைவில்லை. ஷண்டிங் செய்ய என்ஜினுக்குப் பதில் ஒரு டைனோசரை ஓடவிட்டார்! முதுகில் தட்டுத் தட்டாக முள் நிற்கும் ஸ்டெகோசாரஸ் என்ற பிராணி. அதன் பெயர் "எம்மா". பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவது அதன் உத்தியோகம். அத்தனை நுணுக்கமாக நிஜத்தைப் படைத்தவர், அதற்கு நடுவே இப்படி ஒரு பொய்யையும் உலவவிட்டு ரசித்தார்.

பெட்டிகளை முன்னும் பின்னும் தள்ளி உரிய இடத்தில் சேர்க்கும் ஒரு புதிர்ப் பாதையையும் அவர் வகுத்தார். "டைம்சேவர்" என்று பெயர். "நேரத்தை மிச்சம் பிடிப்பது" என்று பொருள். விளையாட உட்கார்ந்தவர்களின் நேரத்தை விழுங்குவதுதான் அதன் வேலை! 1972-ல் அது பத்திரிகையில் வெளிவந்தது. இன்றும் பல வீடுகளில் பலகை மேல் அந்தப் பாதையைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

நெருப்பு

1973-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி. சிறு வயதிலிருந்து அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்த இதயம் அன்று நின்றுவிட்டது. மாரடைப்பு. அவருக்கு வயது 59.

நண்பர்கள் துக்கத்தில் இருந்தார்கள். அந்த ரெயில் பாதையை என்ன செய்வது, எப்படிக் காப்பாற்றுவது என்பது அவர்கள் முன்னால் இருந்த கேள்வி. அந்தக் கேள்விக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர் இறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் தீப் பிடித்தது.

மரமும் காகிதமும் பசையும் வர்ணமும் நிறைந்த நிலவறை. நெருப்புக்கு வேறு என்ன வேண்டும்? கூரையைத் தொட்ட மலைகள், பாலங்கள், ஸ்டேஷன்கள் பெரும்பாலும் அழிந்தன. கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு மனிதர் பலகை பலகையாக ஒட்டியது, ஓர் இரவு தாங்கவில்லை. மிஞ்சியது சொற்பமே.

பழையது போலவே தோன்றும்படி அவர் செய்த கட்டிடங்கள், உண்மையில் பழையதாகும் வரை இருக்கவில்லை.

எது மிஞ்சியது?

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். எத்தனையோ கைவேலைக்காரர்களின் கதை அப்படித்தான் முடிகிறது. தம் வித்தையை யாருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பொருள் அழிந்தால் வித்தையும் அழிந்துவிடுகிறது.

ஜான் ஆலன் பூட்டி வைக்கவில்லை. எந்தக் குச்சிக்கு எந்தச் சாயம், எந்த மலைக்கு எப்படிச் சாந்து, எந்தப் படத்துக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார், எழுதினார், ஏராளமாகப் படம் எடுத்து வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களை உள்ளே அழைத்துக் காட்டினார். ஆகவே நிலவறை எரிந்தபோது, அங்கே இருந்த அறிவு எரியவில்லை. அது முன்பே பல நூறு வீடுகளுக்குக் குடி போய்விட்டது.

"மாடல் ரெயில்ரோடர்" பத்திரிகையின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் அவருடைய நண்பர். ஜான் ஆலனின் படங்களையும் முறைகளையும் தொகுத்து ஒரு பெரிய புத்தகமாக்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். விதியைப் பாருங்கள்! புத்தகம் அச்சாகி வருவதற்குள், 1980-ல், வெஸ்ட்காட்டும் காலமானார். அடுத்த வருடம், 1981-ல், புத்தகம் வெளிவந்தது. கட்டியவரும் இல்லை, எழுதியவரும் இல்லை. கட்டிய விதம் மட்டும் வாசகர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு.

இன்று காலம் மாறிவிட்டது. லேசர் கதிரால் நுணுக்கமாக வெட்டிய பலகைத் துண்டுகள் கடையில் பெட்டியாகக் கிடைக்கின்றன. கம்ப்யூட்டரில் வரைந்து கொடுத்தால் ஜன்னலையும் கதவையும் அச்சிட்டுத் தரும் இயந்திரங்கள் வந்துவிட்டன. குச்சியை மையில் தோய்த்துக் காயவைப்பவர் குறைவு. ஆனாலும் இயந்திரம் தரும் சுவர் புத்தம் புதிதாகத்தான் இருக்கும். அதற்கு எங்கே கறுப்பு, எங்கே துரு, எங்கே சேறு என்று முடிவு செய்ய மனிதக் கண்தான் வேண்டும்.

அந்தக் கண்ணை எங்கே பெறுவது? ஜான் ஆலன் பெற்ற இடத்தில்தான். ஒரு நிஜக் கொட்டகையின் முன்னால் போய் நிற்க வேண்டும். கதவில் கை பட்டுப் பட்டு மழுங்கிய இடம் எது, கூரையில் ஒழுகும் இடம் எது, ஆட்கள் தினமும் சாய்ந்து நின்ற தூண் எது என்று தேட வேண்டும். அவசரம் கூடாது. பலவீனமான இதயம் உள்ள ஒருவரே அவசரப்படாமல் வேலை செய்தாரென்றால், நமக்கு என்ன அவசரம்?